வரையாமல் விட்ட இடம்

என் நாத்தனாருக்குக் கால் இரண்டும் சூம்பிப்போனது கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில். ஆனால் எங்கள் மலையில் அவள் பார்க்காத இடம் கிடையாது. நடக்கத் தெரிந்த நானே பாதி மலையைப் பார்த்ததில்லை. அவளைச் சுமக்க எங்கள் சனத்தில் முதுகுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. தேன் எடுக்கப் போகிறவன், விறகுக்குப் போகிறவன், பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டுச் சும்மா காலாற நடக்கிறவன்கூட எங்கள் வாசலுக்கு வந்து குனிவான். "ஏறிக்கோ மகாராணி" என்பான். அவளும் கூச்சமே இல்லாமல் ஏறிக்கொள்வாள். ஏறியதும் அதிகாரம் தூள் பறக்கும். இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் திரும்பு, ஏன் ஆட்டுகிறாய், சாப்பிடவில்லையா என்று வழி முழுக்க ஏச்சு. சுமக்கிறவன் சிரித்துக்கொண்டே போவான்.

சும்மா யாரும் சுமப்பார்களா? பார்த்ததையெல்லாம் அவள் வந்து வரைவாள். அதற்காகத்தான். சுவரில் வரைந்தாள், பலகையில் வரைந்தாள், பிறகு பழைய பெட்டிகளின் அட்டையில் வரைந்தாள். அவள் படம் எல்லாவற்றிலும் கீழ் ஓரத்தில் ஒரு பின்னந்தலை இருக்கும். அன்றைக்கு அவளைச் சுமந்தவனுடைய தலை. சுழி, காது மடல், கிழிந்த சட்டைக் காலர் எல்லாம் அப்படியே இருக்கும். "இது என் தலைடா" என்று ஆளாளுக்கு அடித்துக்கொள்வார்கள். வேறு எங்கேயும் இப்படி யாரும் மலையை வரைந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

சுரங்கம் வந்து எங்களைக் கீழே இறக்கிய பிறகுதான் அந்தப் படங்களின் அருமை தெரிந்தது. தகரக் கூரை போட்ட வரிசை வீடுகள், நடுவில் ஒரு பொதுக் குழாய், கடைசியில் கக்கூஸ். இங்கே பிறந்த பிள்ளைகளிடம் ஊற்று எது, மழைக்கு ஒதுங்கும் பாறை எது என்று கேட்டால் சமூகக் கூடத்துக்கு ஓடிப்போய் மகாராணியின் பலகையைக் காட்டும். கல்யாணப் பேச்சு என்றால் இரண்டு பக்கத்துக்காரர்களும் முதலில் அந்தப் பலகைகள் முன்னால் வந்து நின்றுதான் தங்கள் சரிவு எது என்று தேடுவார்கள். ஒரே சரிவுக்காரர்கள் எங்களில் கட்டிக்கொள்வதில்லை. அவள் படம் இல்லாவிட்டால் அண்ணன் தங்கைக்கே முடிச்சுப் போட்டிருப்பார்கள் என்று என் மாமனார் கிண்டல் செய்வார். எங்கள் சனத்துக்கு அவர்தான் பெரிய தலை. மகளைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தில் வரும் பெருமையை மறைக்க அவருக்குத் தெரியாது.

செத்தால் மட்டும் நாங்கள் மலைக்குத் திரும்பினோம். மறுபக்கச் சரிவில் எங்கள் புதைகாடு இருந்தது. அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மண்ணைத் தள்ளி மூடிவிட்டால் அந்த இடத்தைக் கையால் காட்டக் கூடாது, பேசக் கூடாது, கல் நடக் கூடாது, வரையவே கூடாது. இடத்தைச் சொன்னால் தூங்குகிறவர்களை எழுப்பியது போல ஆகுமாம். எழுப்பிய கை உயிரோடு இருக்கிறவன் தோளைத் தொடக் கூடாது. குழி வெட்டியவர்கள் ஆற்றில் குளித்தால் தீட்டுப் போய்விடும். வரைந்த கைக்குக் குளியல் கிடையாது. அதனால் மகாராணி மலையை வரையும்போதெல்லாம் அந்தச் சரிவை வெறுமையாக விட்டுவிடுவாள். அந்த வெறுமையைப் பார்த்தால் எங்கள் சனத்தில் சின்னப் பிள்ளைகூடக் குரலைத் தாழ்த்திக்கொள்ளும்.

என் முதல் பிள்ளை அங்கேதான் இருக்கிறான். பிறந்த கொஞ்ச நாளில் போய்விட்டான். நான் ஜன்னி கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எங்கே வைத்தீர்கள் என்று என் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். "மறந்துடு" என்றார். அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை, கட்டுப்பாடு அப்படி. இப்போது நான் அதே ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கொதிக்கும் தொட்டியிலிருந்து போர்வைகளை இழுத்து இழுத்து இடுப்பு போனது. மறப்பதற்கு அது நல்ல வேலை என்று நினைத்தேன். மறக்கவில்லை.

சுரங்கக் கம்பெனி, மலையின் மறுபக்கத்திலும் கை வைக்க ஆசைப்பட்டபோது ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். எங்களுக்கு முக்கியமான இடங்களைச் சொன்னால் அவற்றை விட்டுவிடுவார்களாம். குழுவிலிருந்து ஒரு மேடம் வந்தார். நல்ல மனுஷி. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் திட்டுவதற்காவது சுலபமாக இருந்திருக்கும். கூடத்தில் இருந்த பலகைகளைப் பார்த்து வாயைப் பிளந்தார். மாற்றுத்திறனாளிக் கலைஞர், பழங்குடி மாற்றுத்திறனாளிக் கலைஞர் என்று கூட வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"அப்படின்னா என்ன அண்ணி?" என்று மகாராணி என் காதில் கேட்டாள்.

"ஓசியில அடுத்தவங்க முதுகுல சவாரி பண்றவங்கன்னு அர்த்தம்."

அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். மேடமும் என்னவென்று தெரியாமலேயே சேர்ந்து சிரித்தார்.

முழு மலையையும் ஒரே துணியில் வரைந்து கொடுங்கள், படத்தில் இருக்கிற இடத்தைத் தொட மாட்டோம் என்றார் மேடம். கூடத்துத் தரை முழுக்கத் துணியை விரித்தோம். சக்கரம் வைத்த பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு, கையால் தரையை உந்தி உந்தி அந்தத் துணி மேலெல்லாம் போய் வந்து அவள் வரைந்தாள். நுனியை மென்று தூரிகையாக்கிய குச்சிதான் அவளுக்கு. ஊற்று வந்தது, தேன் பாறை வந்தது, எங்கள் பழைய வீடுகள் வந்தன. ஓரம் முழுக்கப் பின்னந்தலைகள். மறுபக்கச் சரிவில் உள்ளங்கை அகலத்துக்கு இடம் விட்டாள். மாமனார் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் வந்துவிட்டதா என்று மேடம் கேட்டார். "எல்லாம் வந்துடுச்சு. ஒண்ணும் பாக்கி இல்லை" என்றார் மாமனார். அவர் சொன்னது சத்தியம். வெறுமையாக விட்டதுதான் எல்லாவற்றிலும் பெரிதாகச் சொல்லப்பட்டது. அதை வாய்விட்டு விளக்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சூரியன் இருக்கிறது என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா?

என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். தூசி அடங்க ரோட்டில் தண்ணீர் விட்டுக்கொண்டே போகவேண்டும். ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். முகம் செத்துப்போயிருந்தது. மறுபக்கச் சரிவில் இரும்புக் குச்சி அடித்துச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்களாம். சரியாக நம் புதைகாட்டைச் சுற்றி.

மேடத்திடம் ஓடினோம். அவர் துணிப் படத்தின் போட்டோவை மேசையில் விரித்தார்.

"நீங்க கொடுத்த படம்தானே? உங்க இடம் ஒண்ணைக்கூட அவங்க தொடலை. பாருங்க, இங்க படத்துல ஒண்ணுமே இல்லை. காலி இடம்னுதான் அனுமதி கொடுத்தாங்க."

"காலியா? எங்க அப்பன் பாட்டன் எல்லாரும் அங்கதான் இருக்காங்க" என்றேன். நான் பேசியிருக்கக் கூடாது. மாமனார் முறைத்தார். ஆண்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மேடத்துக்கு நிஜமாகவே முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? இப்போ வாய்வார்த்தை செல்லாது. குழு படத்தைத்தான் ஆதாரமா எடுத்துக்கிட்டிருக்கு. அதையும் வரைஞ்சு கொடுங்க, யார் யார் எங்க இருக்காங்கன்னு. அடுத்த கூட்டத்துக்குள்ள கொடுத்தா நான் போராடறேன்."

வெளியே வந்ததும் மாமனார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "மெஷின் தோண்டினா அது அவங்க பாவம். நாம வரைஞ்சா நம்ம பாவம். என் மக வரைய மாட்டா."

நிலம் போகிறது, முன்னோர் போகிறார்கள் என்று எல்லோரிடமும் சண்டை போட்டேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அடியில் இன்னொன்று இருந்தது. அவள் வரைந்தால் என் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று நான் பார்த்துவிடலாம். யாரைப் புதைக்கப் போனாலும் அந்த வீட்டு ஆள் ஒருவன் அவளையும் சுமந்துகொண்டுதான் போவான்; எங்கள் வீட்டுச் சாவென்றால் என் வீட்டுக்காரர். அவளுக்குத் தெரியாமல் இருக்காது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்காக இன்றும் வெட்கப்படவில்லை.

எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவளிடம் கேட்டேன்.

"வரைஞ்சா அப்புறம் என்னை யாரு தூக்குவா அண்ணி?"

"நான் தூக்கறேன்."

"உன் இடுப்பை வச்சுக்கிட்டா?"

"இடுப்பு உடைஞ்சா ஆஸ்பத்திரி பக்கத்துலதான் இருக்கு. நீ வரைடி."

அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதை விடப்போகிறோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. என்னைவிட நன்றாக. "துணியை விரி" என்றாள்.

கூடத்தின் கதவைச் சாத்திக்கொண்டோம். நான் நிறம் குழைத்துக் கொடுத்தேன். பலகையில் படுத்து அந்தச் சரிவை அவள் வரைய ஆரம்பித்தாள். ஒவ்வொருவரையும் யார் முதுகிலிருந்து பார்த்தாளோ அவர்கள் பின்னந்தலையோடு போட்டாள். மரத்தடியில் தாய்மாமன். வளைவில் எதிர்வீட்டுத் தச்சனின் அப்பா. சரிவின் கீழே அவளுடைய அம்மா, என் மாமியார். பிறகு குச்சியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே இருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன் போலிருக்கிறது. மெதுவாகக் குச்சியை எடுத்து, மாமியாருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டாள். கீழே என் வீட்டுக்காரரின் பின்னந்தலையையும் போட்டாள்.

அந்த வட்டத்தை நான் தொட்டுப் பார்த்தேன். ஈரம் விரலில் ஒட்டியது. பாட்டிக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறான், தனியாக இல்லை என்று நினைத்தபோது எனக்கு வந்த நிம்மதியை என்னவென்று சொல்வது! எத்தனையோ வருஷமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை அன்றுதான் விட்டேன்.

படம் குழுவுக்குப் போனது. எங்கள் ஆட்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. பார்ப்பதும் பாவம்தான். சுருட்டிய துணியை நான்தான் மேடம் கையில் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒருத்தர்கூட எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை விட்டிருப்பேன். வெறுமனே வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். எதிர்வீட்டுத் தச்சன் ஒரு காலையில் பழக்கதோஷத்தில் வந்து குனிந்துவிட்டான். மகாராணியும் கையை நீட்டிவிட்டாள். அவன் சட்டென்று நிமிர்ந்து, செருப்பில் ஏதோ குத்தியதுபோல் பாசாங்கு செய்துவிட்டுப் போனான். அவன் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். கலங்கி என்ன பிரயோசனம்? மாமனார் அதே அறையில் உட்கார்ந்து சாப்பிட்டார், மகளிடம் பேசினார், தொடவில்லை. என் வீட்டுக்காரர் தட்டை அவள் பக்கம் தள்ளி வைப்பார், கையில் கொடுக்கமாட்டார். கூடத்திலிருந்த பலகைகளை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அவை வேண்டியிருந்தன.

நிறம் குழைத்தவள் என்பதால் என் முதுகும் கெட்ட முதுகுதான். அதனால் நான் தூக்கினேன். வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை கக்கூஸுக்கு, வந்ததும் ஒரு தடவை. நடுவில் அவள் அடக்கிக்கொண்டு கிடந்தாள். அடக்குவது கஷ்டம் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். உதடு வெடித்துப்போயிருக்கும். மலையெல்லாம் ஏறி இறங்கியவள் அந்த அறையில் பலகையை உருட்டிக்கொண்டு சுவருக்குச் சுவர் முட்டிக்கொண்டிருந்தாள். வரையச் சொன்னால், "என்னத்தைப் பார்த்தேன் வரையறதுக்கு?" என்பாள். கம்பெனியிலிருந்து ஒரு சக்கர நாற்காலி அனுப்பினார்கள். எங்கள் வாசல் சரளைக்கல்லில் அது ஒரு அடிகூட நகரவில்லை.

ஒரு நாள் மேடம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"ஜெயிச்சுட்டோம்! உங்க நாத்தனார் படம் அவ்வளவு துல்லியம்னு நிபுணர்களே அசந்துட்டாங்க. இனி யாரும் கண்மூடித்தனமா தோண்ட முடியாது. ஒவ்வொருத்தரையும் படத்துல இருக்கிற இடத்துலேர்ந்து மரியாதையா எடுத்து, இங்கயே உங்க வீடுகளுக்குப் பக்கத்துல நல்ல இடத்துல வைப்பாங்க. சுற்றுச்சுவரோட. செலவு பூரா கம்பெனிது."

"எடுத்து?" என்றேன்.

"ஆமா, மரியாதையா."

நான் பக்கத்தில் இருந்த வாளியை எட்டி உதைத்தேன். மேடத்தின் புடவையெல்லாம் தண்ணீர். அவர் கோபப்படவில்லை, எனக்கு வந்தது சந்தோஷமா துக்கமா என்று புரியாமல் நின்றார். மகாராணி பலகையில் படுத்தபடி, "நான் வரையாம இருந்திருந்தா எங்க தோண்டறதுன்னே தெரிஞ்சிருக்காது" என்றாள். அதுவும் சரியில்லை. வரையாவிட்டால் எல்லோரையும் மண்ணோடு மண்ணாக அள்ளியிருப்பார்கள். வரைந்ததால் ஒவ்வொருவராக எடுத்தார்கள். எங்கள் முன்னால் இருந்தது அவ்வளவுதான். அதைத்தான் நாங்கள் ஜெயித்திருந்தோம்.

புது இடத்தில் வைக்கிற நாள் வந்தது. சுற்றுச்சுவருக்குள் மரப்பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். பெட்டி மேல் எண், கையில் படத்தின் போட்டோ, அதைப் பார்த்து ஒரு அதிகாரி யார் யாருடையது என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மகாராணியை யாரும் அழைக்கவில்லை. படம் இருக்கும்போது அவள் எதற்கு? நான்தான் அவளை முதுகில் போட்டுக்கொண்டு போனேன். கூட்டம் எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கியது. மரியாதைக்கு இல்லை, மேலே பட்டுவிடக்கூடாது என்று.

ஒவ்வொரு குடும்பமாகப் பெட்டியை வாங்கியது. மாமியாரின் பெட்டியை என் மாமனார் மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் சின்னப் பெட்டியைத் தேடினேன். இல்லை.

மேடம் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "எல்லாமே அவங்க வரைஞ்ச இடத்துலதான் இருந்துச்சு. ஒண்ணு மட்டும்... அந்தச் சின்ன வட்டம். அங்க வெறும் மண்ணுதான். யாரும் எப்பவும் வெட்டின அடையாளமே இல்லையாம். எதாவது தப்பா..."

"எங்க போட்டிருந்தா?" பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் கேட்டார்.

"அத்தை பக்கத்துல" என்றேன்.

"அங்க இல்லையே." என்றார். "அன்னைக்கு அங்க தண்ணி நின்னுச்சு. தண்ணியில வைக்க மனசு வரலை. மேட்டுக்கு மேல, பாறை ஓரமா வச்சேன்."

பிள்ளை எங்கே என்று எனக்கு அவர் சொன்னது அப்போதுதான். எல்லோரும் மலையைத் திரும்பிப் பார்த்தோம். அங்கே மேடு இல்லை. மேடு இருந்த இடத்தில் மெஷின்கள் படிப்படியாக வெட்டிக்கொண்டு கீழே போய்க்கொண்டிருந்தன.

"வெட்டறப்போ பார்த்துட்டுத்தான் இருந்தேன்" என்றார். "அந்த ரோட்டுக்கு நான்தான் தண்ணி விட்டேன். முன்னாடியே எடுத்திருப்பாங்கன்னு நினைச்சேன். படத்துல இருக்கும்னு நினைச்சேன்."

அவர் படத்தைப் பார்க்கவில்லை. ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். நான் தலையைத் திருப்பி என் முதுகில் இருந்தவளிடம் கேட்டேன். "நீ பார்த்தேல்லடி? உங்க அண்ணன் முதுகுலேர்ந்துதானே பார்த்தே?"

அவள் மூச்சு என் கழுத்தில் சுட்டது. "அன்னைக்கு மழை அண்ணி. வழுக்கும்னு அண்ணன் என்னைத் தூக்கலை. நான் போகவே இல்லை. நீ அழுதுக்கிட்டு நின்னே. தெரியாதுன்னு சொல்ல வாய் வரலை. அம்மா பக்கத்துலதான் வச்சிருப்பான்னு..."

என் கைகள் தளர்ந்தன. பொய் சொல்லமாட்டேன், அந்த நிமிஷம் அவளை அப்படியே கீழே போட்டுவிடத்தான் தோன்றியது. அவள் சரிந்தாள். விழாமல் இருக்க என் தோளில் நகத்தைப் பதித்துக்கொண்டாள். சுற்றி நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். பிடிக்க ஒரு கைகூட நீளவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் கையை நீட்டினார், பிறகு அந்தக் கையாலேயே தன் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் ஒரு குலுக்குக் குலுக்கி அவளை மேலே ஏற்றிக்கொண்டு நடந்தேன். சுவரைத் தாண்டி, குழாயைத் தாண்டி, சரளையில் கால் இடற. இடுப்பில் யாரோ கத்தியை விட்டுத் திருப்பினார்கள். வழியில் அவள் அழுதுகொண்டே, "இறக்கி விட்டுடு அண்ணி, நான் தவழ்ந்து வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இறக்கிவிட்டால் மறுபடி குனிந்து அவளை ஏற்றிக்கொள்வேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அதனால் இறக்கவில்லை.